ஆர்வெல்லின் ஊசியும் என் சிவப்பு மாத்திரையும்

நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு டிபி வந்தது. இரண்டு மாதமாக விடாத இருமல். தெருமுனை டாக்டர் தூசி அலர்ஜி என்று சிரப்பை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பது கிலோ குறைந்த பிறகுதான் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். மாத்திரை ஆரம்பித்த அன்று சாயங்காலமே பாத்ரூமில் பயந்துபோனேன். சிறுநீர் ஃபான்டா கலரில் போகிறது! ரத்தம்தான் என்று அலறியடித்துக்கொண்டு போன் செய்தால், நர்ஸ் அக்கா சிரிக்கிறார். "ரிஃபாம்பிசின் போட்டா அப்படித்தாம்பா போகும். வெள்ளைச் சட்டை போடாத, வேர்வையும் கறையாகும்."

மாத்திரை போட்ட அந்த ஆறு மாதத்தில்தான் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் வாழ்க்கை வரலாறு ஒன்று கைக்கு வந்தது. அதில் இருந்த அரசியலெல்லாம் மறந்துவிட்டது. மருந்துக் கதை மட்டும் நிற்கிறது.

ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில், ஒரு தனிப் பண்ணை வீட்டில், உடம்பைக் கவனிக்காமல் '1984' நாவலை எழுதிக்கொண்டிருந்தவருக்கும் டிபி. 1947 டிசம்பரில் கிளாஸ்கோ பக்கத்தில் இருந்த ஹேர்மையர்ஸ் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். டிபிக்கான ஊசி மருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டும். பத்திரிகை ஆசிரியரான நண்பர் டேவிட் ஆஸ்டர் ஏற்பாடு செய்தார். இறக்குமதி அனுமதிக்கு சுகாதார அமைச்சர் அனூரின் பெவன் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

1948-இல் ஊசி ஆரம்பித்துச் சில வாரத்தில் முகம் சிவந்து தோல் உரிந்தது. தொண்டையில் புண், உதட்டில் கொப்புளம். காலையில் எழுந்தால் இரண்டு உதடும் காய்ந்த ரத்தத்தில் ஒட்டிக்கிடக்கும். கழுவின பிறகுதான் வாயைத் திறக்க முடியும். நகம் அடியிலிருந்தே சிதைந்தது, முடி கொட்டியது. இதையெல்லாம் மறு வருஷம் நோட்டில் குறித்து வைத்தார், யாரோ அடுத்த கட்டில்காரரைப் பார்த்து எழுதுவதுபோல. புலம்பலே கிடையாது. வெறும் அரிப்புக்கே வீட்டை இரண்டாக்கியவன் நான்.

சுமார் 50 நாளில் மருந்தை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் வேறு இரண்டு நோயாளிகளுக்குப் போனது, அவர்கள் பிழைத்தார்கள். ஆர்வெல் 1950 ஜனவரி 21 அன்று லண்டனில் இறந்துபோனார். 46 வயசு.

*

அண்ணா, உங்கள் கட்டுரையைப் படித்தேன். நீங்கள் சொல்லும் அதே 1948-இல்தான் நம் புதுமைப்பித்தனும் போனார். ஜூன் 30, திருவனந்தபுரத்தில், இதே நோயில். 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் புனே போன இடத்தில் படுத்தவர், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. 42 வயசு. ஹேர்மையர்ஸில் ஆர்வெல் ஊசி போட்டுக்கொண்டு கிடந்த மாதங்கள்தான் இவருக்குக் கடைசி மாதங்கள் என்பது இன்றுதான் உறைக்கிறது.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். இன்றைக்கு மாத்திரை தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் வாங்க வருகிறவர்கள் வாயைத் திறந்து 'டிபி' என்று சொல்வதில்லை. சீட்டை நாலாக மடித்து நீட்டுவார்கள், அதுவும் கடையில் கூட்டம் குறைந்த பிறகு. இந்த மாத்திரைகளுக்குத் தனி ரெஜிஸ்டர் உண்டு, வாங்குபவர் பெயரை எழுதியாக வேண்டும். போன மாதம் ஒருவர் முதல் தடவை முருகன் என்றார், அடுத்த தடவை செந்தில் என்றார். நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன். இருமல் நின்றதும் பாதியில் விட்டுவிடுகிறார்களே, அதுதான் பெரிய தலைவலி. மூன்றாவது தடவை அவர் இன்னும் வரவில்லை.

*

சரிம்மா, அவர் வந்தால் திட்டாதே. நானும் ஆபீசில் டைபாய்டு என்றுதான் லீவு எழுதிக் கொடுத்தேன். எதிர் சீட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது. போன வாரம்கூட, "டைபாய்டு வந்த உடம்பு, மழையில நனையாதீங்க சார்" என்று குடையை நீட்டினார்.