அம்பாசிடர் ஆயில் ஃபில்டர்: "கைக்கு ஏறினா போதும்"னு சொன்னவருக்கு

லேத்து_வடசேரி:
வேறொரு திரியில மார்த்தாண்டம்_அம்பி நேத்து எழுதி வெச்சது இது: "பழைய 1489 சிசி அம்பாசிடர்ல ஆயில் ஃபில்டர் கப்பைக் கழட்டி எறிஞ்சிட்டு, திருகி மாட்டுற டப்பா ஃபில்டருக்கான அடாப்டர் போட்டாச்சுன்னா கவலை தீந்துது. எந்தச் சின்னக் காரு ஃபில்டரும் சேரும். கைக்கு ஏறினா போதும்."
மரை கழண்ட பேச்சுன்னா இதாக்கும். அடாப்டர் ஸ்டட், அதாவது ஃபில்டர் ஏறுற மரைத் தண்டு, முக்கால் இஞ்ச், இஞ்சுக்கு 16 மரை. கடையில அதே உயரம், அதே பருமன்ல தொங்குற ஃபில்டர்ல நிறைய 20 மில்லிமீட்டர், பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) ஒன்றரை. ரெண்டும் கைக்கு ஏறும். ஒண்ணுதான் சேரும்.

மார்த்தாண்டம்_அம்பி:
வந்துட்டாருய்யா அளவுக்காரரு. ஏறுது, ரப்பர் கேஸ்கெட் உக்காருது, ஒழுக்கு இல்ல. இதுக்கு மேல சேருகதுன்னா என்ன, கல்யாணமா வெச்சுக் குடுக்கணும்? நீங்க சொல்லுகது சரின்னா மார்த்தாண்டம் மேம்பாலம் பூரா ஆயிலாக் கெடக்கணும்லா.

லேத்து_வடசேரி:
பதிலுக்கு மேம்பாலம். நான் மரையைக் கேட்டேன் வேய்.
கணக்கைப் பாரும். முக்கால் இஞ்ச் ஸ்டட்டோட வெளி விட்டம் 19.05 மில்லி. 20 மில்லி ஃபில்டரோட உள் விட்டம் சுமார் 18.4. அப்போ ஒரு பக்கத்துக்குப் பிடி மூணில் ஒரு மில்லிதான். சரியான ஃபில்டர்ல கிடைக்கிற பிடியில பாதிகூட இல்ல. பிட்ச்சும் வேற: ஒண்ணு 1.5875, மத்தது 1.5. அதனால எல்லா மரையும் சமமாச் சுமக்காது, ஒண்ணு ரெண்டு சுற்றுதான் முழுச் சுமையும் தாங்கும்.
சுமை எவ்வளவு தெரியுமா? கேஸ்கெட் உள்வட்டம் 62 மில்லின்னு வையும், பரப்பு 30 சதுர சென்டிமீட்டர். காலையில தணுத்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி சதுர இஞ்சுக்கு 60 பவுண்டு ஆயில் பிரஷர் ஏறினா, ஃபில்டரைக் கீழே தள்ளுற விசை 120 கிலோவுக்கு மேல. ஒரு ஆளு ஏறித் தொங்குற மாதிரி. அதைத் தாங்கப் போறது அந்த ஒண்ணு ரெண்டு சுற்றுத் தகர மரை.
வண்டி நின்னபடி ஐடிலிங்ல ஓடுறப்போ ஒழுகாது. அதைப் பாத்துட்டுத்தான் "ஒழுக்கு இல்ல"ன்னு எழுதுதியரு.

தக்கலை_மார்க்2:
அண்ணாச்சிமாரே, 1972 மார்க் 2, கப் உள்ள வண்டி. உள்ளே இருக்கிற காகித எலிமென்ட் மாத்தின பிறகு கப் விளிம்புல ஆயில் கசியுது. அடாப்டர் போடாம சரி பண்ண முடியுமா?

மார்த்தாண்டம்_அம்பி:
தம்பி, அடாப்டர் போடு. சின்னக் காரு ஃபில்டர் மாட்டு. வேலை முடிஞ்சுது.

லேத்து_வடசேரி:
எந்த மரைன்னு சொல்லிட்டு மாட்டச் சொல்லும்.

ஃபெல்ட்வாசர்_கொளச்சல்:
நீங்க ரெண்டு பேரும் ஒரே குட்டையில ஊறின மட்டைதான். அந்தக் கப்பை எதுக்குக் கழட்டணும்? அது ஒழுகுகதுக்குக் காரணம் கப் இல்ல, மாட்டுகவன்.
தக்கலை தம்பி, கேளு. கப் போய் உக்காருற தலைப்பாகத்துப் பள்ளத்துல ரப்பர் ரிங் உண்டு. கருத்து, இறுகி, இரும்பு போலவே தெரியும். பாதிப் பேரு அது அங்கே இருக்குன்னே தெரியாம மேலே புது ரிங்கை வெச்சு முறுக்குகான். ரெண்டு ரிங் இருந்தா எவ்வளவு முறுக்கினாலும் கசியும். பழசைக் கூர் ஊசியால கிளப்பி எடு. பள்ளத்தைத் துணியால தொடை. புதுசை ஒரு முனையில தொடங்கிச் சுத்திக்கிட்டே போகாதே, ரப்பர் நீண்டு கடைசியில வளையம் மிஞ்சும். எதிரெதிரா நாலு இடத்துல முதல்ல அமுக்கு, பிறகு இடைவெளியை அமுக்கு.
கப்புக்குள்ளே நடு போல்ட்டுல ஸ்பிரிங், தகடு வாசர், ஃபெல்ட் வாசர் (கம்பளி மாதிரி வளையம்), பிரஷர் பிளேட் எல்லாம் இருக்கான்னு எண்ணிப் பாரு. பழைய எலிமென்ட் அடியில ஒட்டிக்கிட்டு அதோட குப்பைக்குப் போறது இந்த ஃபெல்ட் வாசர்தான். அது இல்லன்னா ஒழுக்கு தெரியாது, பிரஷரும் சரியாக் காட்டும். ஆனா ஆயில் காகிதம் வழியாப் போகாம நடு போல்ட் ஓரமாவே சாடிடும். ஃபில்டர் அலங்காரத்துக்கு நிக்கும்.
நடு போல்ட்டுக்கு 15 பவுண்டு-அடி போதும். பைய முறுக்கு. கசியுதுன்னு இன்னும் முறுக்கினா கப் அடி குழிஞ்சு போவும்.

மார்த்தாண்டம்_அம்பி:
கொளச்சல் உப்புக் காத்துல அந்தக் கப் ஓட்டை விழாம இருக்கா அண்ணாச்சி? ஃபெல்ட் வாசருக்குக் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் வரை அலையணும். திருகுற ஃபில்டர்னா அஞ்சு நிமிசம்.

லேத்து_வடசேரி:
அஞ்சு நிமிசத்துல எந்த மரை?

மார்த்தாண்டம்_அம்பி:
மரை மரைன்னு ஜெபமாலை உருட்டாதீங்க ஓய். ஃபில்டர் கம்பெனிக்காரன் மடையனா?

லேத்து_வடசேரி:
கம்பெனி மடையன் இல்ல. ஒரே கம்பெனி ஒரே டப்பா அளவுல ரெண்டு மரையும் விக்குது, நம்பர் மட்டும் வேற. அந்த நம்பரைப் பாக்காதவனைத்தான் சொல்லுகேன்.
சோதிக்க விட்டம் அளக்கிற வெர்னியர் கூட வேண்டாம். கேஸ்கெட் தொடுகதுக்கு முன்னால, மூணு சுற்று ஏறின நிலையில ஃபில்டரை ஆட்டிப் பாரும். லொடலொடன்னு ஆடினா அது 20 மில்லி. சரியானது லேசாத்தான் ஆடும். மறுபடியும் சந்தேகம்னா மரை அளக்கிற பிட்ச் கேஜ்ல 16 நம்பர் தகட்டை ஸ்டட்ல வெச்சுப் பாரும். சரியான ஃபில்டர் கிடைச்சா கேஸ்கெட்ல ஆயில் தடவி, தொட்ட பிறகு கையால முக்கால் சுற்று. சாவி போட்டு இறுக்கக் கூடாது.
இன்னொண்ணு. ஃபில்டர் அடைச்சா ஆயிலை வேற வழியா விடுற பைபாஸ் வால்வு பழைய தலைப்பாகத்துலதான் இருக்கு. அதையே எடுத்துட்டு முழுசா வேற தலை போட்டா, அதுல வால்வு உண்டா, இல்லன்னா ஃபில்டர்ல உண்டான்னு பாக்கணும். ரெண்டுலயும் இல்லாம எலிமென்ட் அடைச்சா பேரிங்குக்கு ஆயில் போகாது. "எந்தச் சின்னக் காரு ஃபில்டரும்" சொன்னவருக்கு இது தெரியுமோ என்னவோ.

தோவாளை_ஆயில்:
இவ்வளவு அடியும் எதுக்கு? 20டபிள்யூ50 தடிச்ச ஆயில் ஊத்துங்க, ஃபில்டர் எதுவானாலும் இன்ஜின் நிக்கும்.

ஃபெல்ட்வாசர்_கொளச்சல்:
20டபிள்யூ40 போதும். நம்ம ஊர்ல பனியா கொட்டுது?

தோவாளை_ஆயில்:
பனிக்கும் பின்னால உள்ள 50-க்கும் என்ன சம்பந்தம்? முன்னால உள்ள நம்பர்தான் குளிருக்கு. ரெண்டுலயும் அது 20தான். கடலோரத்துல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்க போல.

ஃபெல்ட்வாசர்_கொளச்சல்:
பூச்சந்தையில சொல்லித் தருவாங்களாக்கும். வந்து கேளும், தேஞ்ச பேரிங்கை ஆயில் நம்பரால மறைக்கிற வித்தை.

லேத்து_வடசேரி:
ஆயிலுக்குத் தனித் திரி போடுங்க. தடிச்ச ஆயில்னா தணுத்த நேரத்துல பிரஷர் இன்னும் ஏறும், பாதி மரையில நிக்கிற ஃபில்டர் இன்னும் சீக்கிரம் சாடும். என் பேச்சுக்குத்தான் அதுவும் சாட்சி.

மார்த்தாண்டம்_அம்பி:
சுத்திச் சுத்தி வந்து மரையில நிக்குதாரு. வடசேரியில பிறந்தா இஞ்ச் டேப்பைத்தான் முதல்ல கையில குடுப்பாங்களோ?

ஃபெல்ட்வாசர்_கொளச்சல்:
அளவு பேசுகவரு முதல்ல வண்டியைச் சரியாச் சொல்லணும். "பழைய அம்பாசிடர்"னா எது? முதல்ல வந்ததுல சைடு வால்வு இன்ஜின். 1489 பிறகு வந்தது. 1992-க்கு மேல இசுசு இன்ஜின் வேற.

லேத்து_வடசேரி:
முதல் வரியிலயே 1489 இருக்கு. கண்ணாடி மாத்தும்.

தக்கலை_மார்க்2:
ரெண்டு ரிங் இருந்துது. பழசு தகடு மாதிரி வந்துது. ஃபெல்ட் வாசரைக் காணோம். அதுக்கு என்ன அளவு?

மார்த்தாண்டம்_அம்பி:
பாத்தியா தம்பி, அதுக்குத்தான் சொன்னேன். அடாப்டர்.

லேத்து_வடசேரி:
தம்பி, போல்ட்டுல இறுக்கமாப் பிடிக்கிற துளை, எலிமென்ட் வாயை மூடுற அகலம், அதான் அளவு. போல்ட்டை அளந்து போடு, சொல்லுகேன். அம்பி, உம்ம அடாப்டர் ஸ்டட்டை அளந்து ஒரு படம் போடும். மூணு நாளாக் கேக்கேன்.

மார்த்தாண்டம்_அம்பி:
ரெண்டு நாளு. அளவுக்காரருக்கு எண்ணத் தெரியல.