மறு: ‘ப்ரீகண்டிஷனிங்’ – ‘முன்காப்பு’ சரிவருமா?

ஐயாவுக்கும் குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம்.

முன்கூட்டியே சிறு அளவில் பட்ட தாக்குதல், பின்னால் வரும் பெரிய தாக்குதலின் சேதத்தைக் குறைப்பதை ‘ப்ரீகண்டிஷனிங்’ என்கிறார்கள். நம் கையேட்டில் அதற்கு ஐயா ‘முன்காப்பு’ என்று எழுதியிருந்தீர்கள். இதய மருத்துவத்துக்கு அது அப்படியே பொருந்தும். 1986இல் வெளிவந்த ஆய்வில், நாயின் இதயத்தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் ஒரு குழாயை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டு, பிறகு 40 நிமிடம் அடைத்தார்கள். அந்தச் சிறு அடைப்புகளைப் பார்த்திருந்த இதயத்தில் சேதம் கால் பங்காகக் குறைந்தது. அங்கே காப்பு என்றால் காப்புதான்.

நான் தமிழாக்கும் பகுதி மெத்தம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள் பற்றியது, இங்கே மலேசியாவில் சியாபு என்கிறோமே அது. எலிக்கு அதைச் சில நாள் சிறு அளவில் கொடுத்துவிட்டு, அப்புறம் ஒரே நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு பெரிய ஊசிகள் போடுகிறார்கள். முன்னால் எதுவும் பெறாத எலியின் மூளையில், வரியுடலம் என்ற பகுதியில், நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோப்பமைன் என்ற வேதிப்பொருள் வெகுவாக வற்றிவிடுகிறது. சிறு அளவு பெற்ற எலியில் அவ்வளவு வற்றுவதில்லை. பெரிய ஊசியின்போது அதற்கு உடல் சூடு குறைவாக ஏறுவது ஒரு காரணம். சூடு ஏற ஏற நரம்பு முனைகள் கெடுவதும் கூடும்.

ஆனால் சிறு அளவை விட்டுவிட்டுக் கொடுத்தால் எலியின் ஓட்டமும் பரபரப்பும் முறைக்கு முறை கூடுவதும் உண்டு. ‘கூருணர்வேற்றம்’ என்று போன மாதம் நாம் பெயரிட்டது இதைத்தான். ஒரு பக்கம் சேதம் குறைகிறது, மறுபக்கம் மூளை வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இதற்குக் ‘காப்பு’ என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் என் வரைவை வாசித்துக் காட்டினேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவன் எழுந்து, “அப்படின்னா கொஞ்சமா எடுத்துக்கிட்டா மூளைக்குக் காப்பா சார்?” என்றான். விளையாட்டாகக் கேட்கவில்லை. அவன் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் மறுவாழ்வு மையத்தில் இருக்கிறார். அந்தச் சொல்லை அன்றைக்கே அடித்துவிட்டேன்.

நம் குழுவில் டீச்சர் அதற்குப் பதிலாகச் சொன்ன ‘முன்பழக்கம்’ எளிமையானது. ஆனால் இங்கே “அவனுக்குப் பழக்கம் இருக்கு” என்றாலே போதைதான். மருத்துவர் நோயாளியிடம் கேட்கிற கேள்வி போல ஆகிவிடும்.

என் முன்மொழிவு ‘முன்தோய்ச்சல்’. பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கி எடுப்பது தோய்ச்சல். குலை வெட்டும் அரிவாளைப் பட்டறையில் கொடுக்கும்போது அப்பா சொல்வார்: தோய்ச்சல் பத்தாவிட்டால் முனை மடங்கும், மிஞ்சினால் சில்லுத் தெறிக்கும். முன்னால் பட்டது, பின்னால் வருவதைத் தாங்கும் விதத்தை மாற்றிவிட்டது என்பது இந்தச் சொல்லில் இருக்கிறது. நல்லதா கெட்டதா என்று அது சொல்வதில்லை. ‘முன்தோய்த்த எலிகள்’, ‘முன்தோய்ச்சல் அளவு’ என்று வாக்கியத்திலும் தடங்கலில்லாமல் உட்காருகிறது. இதயத்துக்கும் இதையே வைக்கலாம்.

புணர்ச்சிப்படி ‘முன்றோய்ச்சல்’ என்று ஐயா திருத்துவீர்கள். அப்படி எழுதினால் படிப்பவர் கண்ணுக்குத் தோய்ச்சலே தெரியாது. இயல்பாகவே விட்டுவிட அனுமதி கேட்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். யாழ்ப்பாணத்தில் தோய்வது என்றால் குளிப்பதும் துணி துவைப்பதும் அல்லவா? ‘முன்தோய்த்த எலிகள்’ என்று படித்ததும் இலங்கை அன்பர்களுக்கு எலியைக் குளிப்பாட்டியது போலத் தோன்றுமா? வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.