டீசெக்ரிகேஷன்: ‘ஒருங்கிணைப்பு’ போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இனவாரியாக மக்களைப் பிரித்து வைப்பதை ஒழிப்பதை ஆங்கிலத்தில் டீசெக்ரிகேஷன் (desegregation) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘இன ஒருங்கிணைப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நம்மில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். பேச்சுக்குச் சரி. அமெரிக்கப் பள்ளி வழக்குகளை எழுதப் புகுந்தால் முதல் பக்கத்திலேயே இடிக்கும். பிரிப்பதை நிறுத்தினால் போதுமா, சேர்த்தும் வைக்க வேண்டுமா என்பதுதானே அங்கே ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கு!

1954இல் பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளை இனவாரியாகப் பிரிப்பது செல்லாது என்றார்கள். (பப்ளிக் ஸ்கூல் என்பதை அப்படியே எழுதிவிடாதீர்கள். நம் ஊரில் அந்தப் பலகை தனியார் பள்ளி வாசலில்தான் தொங்குகிறது.) அதோடு சேர்த்துத் தீர்க்கப்பட்ட தென் கரோலினாவின் பிரிக்ஸ் வழக்கு மறு ஆண்டே கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. அரசமைப்பு பாகுபாட்டைத் தடுக்கிறதே தவிர ஒருங்கிணைக்கச் சொல்லவில்லை என்று அங்கே விளக்கம் சொன்னார்கள். சேர்த்து வைக்காமல் தட்டிக்கழிக்கத் தென் மாநிலங்களுக்கு அது போதுமாயிருந்தது.

வர்ஜீனியா மாநிலத்தின் நியூ கென்ட் கவுண்டியை (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பாருங்கள். மொத்தமே இரண்டு பள்ளிகள்: வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று. விரும்பிய பள்ளியில் சேரலாம் என்று ஒரு திட்டம். மூன்று ஆண்டுகளில் ஒரு வெள்ளைக் குழந்தைகூடக் கறுப்பினப் பிள்ளைகளின் வாட்கின்ஸ் பள்ளிக்கு வரவில்லை; கறுப்பினப் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினர் அங்கேயே இருந்தார்கள். சட்டம் யாரையும் தடுக்கவில்லையே என்று கவுண்டி கைகழுவப் பார்த்தது. 1968இல் இந்தக் கவுண்டி மீதான கிரீன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு அதை ஏற்கவில்லை. இரட்டைப் பள்ளி முறையை வேரோடு களைவது பள்ளி வாரியத்தின் கடமை என்றது.

ஆகவே சட்டப்படி களையும் செயலுக்கு ‘இனப்பிரிப்பு நீக்கம்’ என்பது என் முன்மொழிவு. ‘ஒருங்கிணைப்பு’ அதன் விளைவைக் குறிக்கட்டும். ‘பிரிவினை’ என்றால் 1947 குறுக்கே வந்து நிற்கும். நம்மில் அம்மையார் ஒருவர் தந்த ‘ஒதுக்கல் ஒழிப்பு’ ஓசைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. தலைப்பை மட்டும் படிப்பவர், இட ஒதுக்கீட்டை ஒழிக்கச் சொல்கிறோம் என்று சண்டைக்கு வந்துவிடுவார்.

இன்னொன்று பாக்கி. 1971இல் சார்லட் நகர வழக்கில், இனப்பிரிப்பை நீக்கப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்புவதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்த பஸ்ஸிங்குக்கு ஒரு சொல் தாருங்கள். ‘பேருந்தாக்கம்’ மட்டும் வேண்டாம்.