10% பல்லுயிர்க் கூடுதல்: இங்கிலாந்தில் வீடு கட்டுவோருக்குக் கணக்கு எங்கே உதைக்கிறது?

அளவுநாடா
கட்டி முடித்த பிறகு அந்த நிலத்தின் இயற்கை மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது 10% கூடியிருக்க வேண்டும் என்பதுதான் பல்லுயிர்க் கூடுதல். இந்தச் சட்டம் 2024 பிப்ரவரி 12 முதல் பெரிய திட்டங்களுக்கும், ஏப்ரல் 2 முதல் சிறிய மனைகளுக்கும் நடப்புக்கு வந்தது. ஆனாலும் பலர் லேஅவுட் வரைந்து முடித்த பிறகுதான் மெட்ரிக் கணக்கை, அதாவது இயற்கை மதிப்பை யூனிட்டாக அளக்கும் அரசின் கணக்கை, திறக்கிறார்கள். அதில் வரும் வலியை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

2 ஹெக்டேர் மேய்ச்சல் புல்வெளி, நடுத்தர நிலை. பரப்பு 2, வாழிடத்தின் தனித்தன்மைக்கு மதிப்பெண் 2, அதன் நிலைக்கு 2. பெருக்கினால் 8 யூனிட், இதுதான் அடிப்படை மதிப்பு. 10% சேர்த்தால் 8.8 வேண்டும். இதில் 1 ஹெக்டேர் வீடும் சாலையும் என்றால் அதற்குப் பூஜ்யம். 0.6 ஹெக்டேர் வீட்டுத் தோட்டம் 1.16 யூனிட்தான் தரும். மீதி 0.4 ஹெக்டேரில் பூக்கள் நிறைந்த புல்வெளி போட்டாலும், அது தேற 5 வருஷம் ஆகும் என்று அதன் 3.2 யூனிட்டை மெட்ரிக் 0.837ஆல் பெருக்கிவிடும், 2.68 கிடைக்கும். ஆக மொத்தம் 3.84. கிட்டத்தட்ட 5 யூனிட் துண்டு விழுகிறது.

இந்தத் துண்டை வெளியே வேறு நிலத்தில் உருவாக்கிய யூனிட்டை வாங்கி ஈடுகட்ட வேண்டும். அதே கவுன்சில் எல்லையிலோ, அதே தேசிய நிலத்தோற்றப் பகுதியிலோ (இயற்கை அமைப்பை வைத்துப் பிரித்த வட்டாரம்) கிடைத்தால் 5 வாங்கினால் போதும். பக்கத்துப் பகுதியென்றால் ஒரு யூனிட்டை 0.75 ஆகத்தான் எண்ணுவார்கள், ஏறக்குறைய 6.6 வாங்க வேண்டும். அதற்கும் அப்பால் போனால் இரட்டிப்பு. எங்குமே கிடைக்காமல், யூனிட்டுக்குப் பதிலாக அரசே விற்கும் கிரெடிட்டுக்குப் போனால் ஒரு யூனிட்டுக்கு இரண்டு கிரெடிட். மிகக் குறைந்த படியிலேயே ஒரு கிரெடிட் 42,000 பவுண்டு. இந்தக் கணக்கில் அது 4 லட்சத்தைத் தாண்டும். அரசு வேண்டுமென்றேதான் அப்படி விலை வைத்திருக்கிறது.

புதர்க்காடு
மேலே சொன்னதோடு ஒன்று. வீட்டுத் தோட்டத்துக்குள் நடும் மரங்களை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. வாங்கியவர் அடுத்த வருஷமே வெட்டிப்போட்டால் யார் கேட்பது? மரத்துக்கு மதிப்பெண் வேண்டுமென்றால் தெருவோரத்திலோ பொதுவெளியிலோ நடுங்கள்.

"சர்வேக்கு முன்னாடியே புல்டோசர் விட்டுச் சுத்தம் பண்ணிட்டா அடிப்படை மதிப்பு குறையுமே" என்று கணக்குப் போடுவோரும் உண்டு. பலிக்காது. 2020 ஜனவரி 30க்குப் பிறகு அனுமதியில்லாமல் அழித்திருந்தால் அழிப்பதற்கு முந்தைய நிலைதான் அடிப்படை. பழைய வான்வழிப் படம் காட்டிக்கொடுத்துவிடும். சான்று தெளிவில்லை என்றால் மதிப்பீடு இன்னும் கூடுதலாகத்தான் வரும்.

ஓடைக்கரை
உயிர்வேலிக்கும் நீரோடைக்கும் தனித்தனிக் கணக்கு. புல்வெளியில் 30% கூட்டிவிட்டு உயிர்வேலியில் 2% குறைந்தாலும் தேறவில்லை என்றுதான் அர்த்தம். நுழைவுச் சாலைக்காகப் பழைய வேலியில் 12 மீட்டர் உடைப்பதெல்லாம் இங்கேதான் மாட்டும். ஓடை மனைக்குள் ஓடாவிட்டாலும், கரை விளிம்பிலிருந்து 10 மீட்டர் பட்டை உங்கள் மனைக்குள் விழுந்தால் ஓடைக் கணக்கு திறக்கும். அதை மதிப்பிட அதற்கென்றே பயிற்சி பெற்றவர் வேண்டும். தொன்மையான காடோ முதுமரமோ இருந்தால் இந்த 10% பேச்சே எடுபடாது, அதற்குத் தனி ஈடு.

விதைப்பை
காகிதத்தில் தேறிய புல்வெளி மண்ணில் தோற்பதற்கு முதல் காரணம் நல்ல மேல்மண். நம்ப முடியாதுதான். பாஸ்பரஸ் நிறைந்த மண்ணில் முரட்டுப் புல்லும் காஞ்சொறியும் எழும்பிப் பூச்செடிகளை அமுக்கிவிடும். பூப்புல்வெளி போடும் இடத்தில் மேல்மண்ணை வழித்தெடுத்து அடிமண்ணிலேயே விதையுங்கள். 80 பங்கு புல், 20 பங்கு பூ கலந்த விதை சதுர மீட்டருக்கு 4 கிராம் போதும். மணலோடு கலந்து குறுக்கும் நெடுக்குமாக இருமுறை தூவி, மண் மூடாமல் உருளையால் அழுத்த வேண்டும். புல்லின் வேரை உறிஞ்சி அதை அடக்கும் யெல்லோ ராட்டில் என்ற செடியின் விதைக்கு ஒரு குளிர்காலம் கட்டாயம். வசந்தத்தில் தூவினால் அந்த வருஷம் முளைக்காது.

முதல் வருஷம் களை தலைதூக்கும்போதெல்லாம் வெட்ட வேண்டும். பிறகு கோடை முடிவில் ஒரு வெட்டு. வெட்டியதை அங்கேயே விட்டால் மறுபடி உரம் போட்ட கதை, வாரி வெளியேற்றுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் "புல் வெட்டுதல்" என்று மட்டும் எழுதினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மொட்டையடித்துவிடுவார்கள். மாதத்தையும் வெட்டும் உயரத்தையும் எழுதுங்கள்.

கோப்புக்கட்டு
பிளானிங் அனுமதி கிடைத்ததுமே வேலையைத் தொடங்க முடியாது. பல்லுயிர்க் கூடுதல் திட்டத்தைத் தனியாகக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். கவுன்சிலுக்கு 8 வாரம் அவகாசம். வெளியில் வாங்கும் யூனிட் என்றால் அந்த நிலம் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தின் பதிவேட்டில் ஏறி, உங்கள் திட்டத்துக்கென ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு முன் நில உரிமையாளர் கவுன்சிலோடு பிரிவு 106 என்ற பிளானிங் ஒப்பந்தமோ பாதுகாப்பு உடன்படிக்கையோ 30 வருஷத்துக்குப் போட்டிருக்க வேண்டும். விற்பவர் "ரெடியாத்தான் இருக்கு" என்றால் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் கிரேன் வாடகைக்குத் தேதி குறிக்க வேண்டாம்.