பள்ளிக்கூடத்தில இருந்து கலைப்பீட விரிவுரையாளர், பேராசிரியர்: வழி என்ன?

கோண்டாவில்_வாசி:
தமிழ் சிறப்புக் கலைமாணி, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. இப்ப அரச பாடசாலையில உயர்தரத்துக்குப் படிப்பிக்கிறன். யாழ் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்கு விரிவுரையாளர் விண்ணப்பம் போடலாமோ? பள்ளிச் சேவை உதவுமோ? ஒரு வருச எம்.ஏ. (முதுமாணி) காணுமோ?

ஏட்டுச்சுவடி:
மேற்பிரிவு இருக்கிறபடியால் தகுதிகாண் விரிவுரையாளருக்கு, அதாவது பதவி நிரந்தரமாக முதல் உள்ள படிக்கு, போடலாம். எம்.ஏ.யிலதான் கனபேர் சறுக்கிறவை. பட்டங்களை மட்டம் மட்டமாத் தரம் பிரிக்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில, ஆய்வில்லாமப் பாடம் மட்டும் படிக்கிற 30 கிரெடிட் (படிப்பளவுப் புள்ளி) முதுமாணி மட்டம் 9. ஆய்வோட 60 கிரெடிட், ரெண்டு வருசம் எண்டால் மட்டம் 10. முதுதத்துவமாணி (எம்.ஃபில்.) 11, கலாநிதி (பிஎச்.டி.) 12. பதவி நிரந்தரமாக ஆய்வேடு உள்ள பட்டம்தான் கேப்பினம். ஒரு வருசப் பட்டத்தோட நிண்டால் ஆய்வுப் பட்டத்துக்குத் திரும்பப் பதியவேணும். அதுக்குள்ள தகுதிகாண் காலம் ஓடிடும். காசு கட்ட முதல் பாடநெறிக் கைநூலில மட்டத்தையும் ஆய்வுக்குரிய கிரெடிட்டையும் பாருங்கோ.

பனையோலை:
பள்ளிச் சேவை பட்டத்துக்குப் பதிலா நிக்காது. அரச சேவையில இருக்கிறபடியால் விண்ணப்பம் அதிபர் ஊடாகத்தான் போகவேணும். கையெழுத்து இழுபடும், முடிவு திகதிக்குக் கன நாள் முன்னமே குடுங்கோ.

தேர்வில மாதிரி விரிவுரை கேட்டால் உயர்தர ஆசிரியர்மார் தடுக்குப்படுறது நோட்ஸ் சொல்லுற பழக்கத்தில. குறுந்தொகைப் பாட்டுக்குப் பொழிப்புச் சொல்லி நேரத்தை முடிக்காதேங்கோ. 1915 சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பையும் 1937 உ.வே.சா. பதிப்பையும் பக்கத்தில வைச்சு, ஒரு பாடபேதத்தால (பதிப்புக்குப் பதிப்புச் சொல் மாறுறதால) பொருள் எப்பிடி மாறுது எண்டு காட்டினால் போதும்.

ஏட்டுச்சுவடி:
@பனையோலை அது சரி. பள்ளியில இருந்தோ வேற வேலையில இருந்தோ வாறது புதுசும் இல்லை. தமிழறிஞர் பேராசிரியர் கா. சிவத்தம்பி கொழும்பு சாகிராக் கல்லூரியில ஆசிரியர், பிறகு பாராளுமன்ற மொழிபெயர்ப்பாளர், அதுக்குப் பிறகுதான் வித்தியோதயாப் பல்கலைக்கழகம். யாழ் பல்கலைக்கழகத்துக்கு வந்தது 1978இல. விமர்சகர் பேராசிரியர் க. கைலாசபதி இலங்கைத் தினகரன் பத்திரிகை ஆசிரியரா இருந்திட்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தில படிப்பிக்க வந்தவர். ரெண்டு பேரும் கலாநிதிப் பட்டம் எடுத்தது இங்கிலாந்தின்ர பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில.

கோண்டாவில்_வாசி:
நன்றி. பேராசிரியர் பதவிக்கு என்ன பாக்கினம்?

பனையோலை:
கற்பித்தல், ஆய்வு, பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் செய்த பங்களிப்பு எண்டு புள்ளி போடுவினம். ஆய்வில குறைஞ்சதை மற்றதில நிரப்பேலாது. எங்கட ஆக்களின்ர பெரிய பிழை, கோயில் மலருக்கும் நினைவு மலருக்கும் எழுதியே வருசங்களைக் கழிக்கிறது. நல்ல கட்டுரையா இருந்தாலும் துறை அறிஞர் நடுவரா இருந்து மதிப்பிடாததுக்குப் பெரிசாப் புள்ளி வராது. அதே விசயத்தை முதலில ஆய்விதழுக்கு அனுப்புங்கோ, சுருக்கினதை மலருக்குக் குடுங்கோ. இதழ் கையில வந்த அண்டைக்கே அட்டை, பொருளடக்கம், ஐஎஸ்எஸ்என் (இதழின்ர பதிவெண்) உள்ள பக்கம் மூண்டையும் ஸ்கான் பண்ணி வையுங்கோ. பத்து வருசம் கழிச்சுப் பழைய இதழ் தேடி அலையிறது பெரிய கரைச்சல்.