பழைய கிராமபோன் ஓடுறதை வீடியோ எடுக்குறப்ப சவுண்டு நல்லா வர என்ன பண்ணலாம்?

குழல்விரும்பி:
வணக்கம் மக்களே. என்கிட்ட ரெண்டு பழைய மெஷின் இருக்கு, ஒண்ணு வெளியில பெரிய குழல் வச்ச சாவி கொடுக்குற கிராமபோன், இன்னொண்ணு எடிசன் சிலிண்டர் போனோகிராஃப், அதாவது தட்டுக்குப் பதிலா உருளையில பதிஞ்ச பாட்டை ஓட்டுறது. ரெண்டையும் ஓட விட்டு யூடியூப்ல போடலாம்னு எடுக்க ஆரம்பிச்சிருக்கேன், படம் அட்டகாசமா வருது, சவுண்டு தான் மானத்த வாங்குது. நேர்ல கேட்டா பாட்டு ரூம் பூரா நிறைஞ்சு நிக்குது, வீடியோல கிணத்துக்குள்ளேருந்து பாடுற மாதிரி இருக்கு. பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஊசி உரசுற சத்தம் பெருசா கேக்குது, பாடகர் வாயத் திறந்ததும் மொத்தமும் அமுங்கிடுது, அவர் நிறுத்துனதும் இரைச்சல் திரும்ப எழும்பி வருது. மேல் ஸ்தாயி போனா கரகரன்னு உடையுது. போன்லயே தான் எடுக்குறேன், குழலுக்கு நேர் எதிர்ல ஒரு ஆறடி தள்ளி வச்சு. தனியா மைக் வாங்கியே ஆகணுமா, வாங்கினா எந்த மாதிரி, எங்க வைக்கணும்? ஊசி இரைச்சலை அப்புறமா சாஃப்ட்வேர்ல எடுத்துரலாமா?

மைக்பைத்தியம்:
நீங்க சொல்ற அந்த அமுங்கி எழும்புறது போனோட ஆட்டோ கெயின் வேலை ப்ரோ. சத்தம் கம்மியா இருந்தா அதுவா ஏத்தும், திடீர்னு பெருசானா அதுவா இறக்கும், பேச்சுக்கு அது நல்லது, பாட்டுக்கு எமன். அதோட சேர்ந்து இரைச்சல் குறைப்புன்னு ஒண்ணும் பல போன்ல ஓடும், விடாம ஒரே மாதிரி வர்ற சத்தத்தை எல்லாம் ஃபேன் சத்தம்னு நினைச்சு வெட்டும், இழுத்து வாசிக்கிற வயலினும் அதோட சேர்ந்து போயிரும். அதனால முதல் வேலை, கெயினை, அதாவது பதிவாகுற சத்தத்தோட அளவை, கையால வைக்க விடுற ஒரு கேமரா ஆப் போடுங்க, இல்லன்னா கையடக்க ரெக்கார்டர் ஒண்ணு வாங்கி அதுல ஆட்டோ லெவலை ஆஃப் பண்ணி தனியா பதிவு பண்ணி எடிட்ல சேத்துக்கோங்க. இசைத்தட்டுலயே ரொம்ப சத்தமா வர்ற இடத்தை முதல்ல ஒரு தடவை ஓட விட்டு பாருங்க, அந்த இடத்துல மீட்டர் மைனஸ் 10 டெசிபல் பக்கத்துல நின்னா போதும், அப்புறம் அந்த கெயின் நாபைத் தொடவே கூடாது.

அடுத்தது தூரம். ஆறடின்னா குழலைவிட ரூம் தான் அதிகம் பதிவாகும், அந்த கிணத்து சத்தம் அதுதான். குழல் வாய் எவ்ளோ அகலமோ கிட்டத்தட்ட அவ்ளோ தூரத்துல ஆரம்பிச்சு, காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி போங்க. ரூம் உள்ள வர ஆரம்பிக்கிறது தெரியும், அங்க நிறுத்துங்க. நேர் எதிர்ல வைக்காதீங்க. குழல்ல கீச்சு பக்கம் இருக்குற சத்தம் எல்லாம் நேர்கோட்டுல தான் பாயும், ஊசி இரைச்சலும் அதுல தான் நிறைய இருக்கு, 20 - 30 டிகிரி பக்கவாட்டுல தள்ளி வச்சாலே பாதி எரிச்சல் போயிரும். கேமரா ஃபிரேம்லேருந்து மைக்கை ஒளிக்கவும் அதுவே வசதி.

எந்த மைக்னா, மேடையில பாடுறவங்க பிடிக்கிற சாதாரண டைனமிக் மைக்கே தாராளம்ங்கிறது என் கருத்து. 1925க்கு முன்னாடி மைக்கே இல்லாம குழலுக்குள்ள பாடி பதிஞ்ச தட்டுல மேல இருக்குற அதிர்வெண் பெருசா கிடையாது, 2000, 3000 ஹெர்ட்ஸ் தாண்டி பாட்டு ரொம்ப கொஞ்சம் தான், அதுக்கு மேல வர்றது பெரும்பாலும் தட்டோட இரைச்சல். காசைக் கொட்டி பளிச்சுன்னு கேக்குற கண்டென்சர் மைக் வாங்குனா அந்த இரைச்சலைத் தான் பளிச்சுன்னு பிடிக்கும்.

சாவிகாரன்78:
மைக்குக்கு போறதுக்கு முன்னாடி மெஷினைப் பாருங்க சார். உடையுதுன்னு சொல்றீங்களே, அது மைக்ல உடையுதா, ஊசி மாட்டுற வட்டப் பெட்டி இருக்கே அந்த சவுண்ட்பாக்ஸ்லயே உடையுதான்னு கண்டுபிடிங்க, அந்த இடம் வரும்போது பக்கத்துல நின்னு கேட்டா நேர்லயும் கரகரன்னா மைக் மேல பழி போட்டு பிரயோஜனம் இல்ல. பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்ள அதிர்ற மைக்கா (அப்ரகம்) தகட்டைச் சுத்தி இருக்குற ரப்பர் வளையம் நாளாகி கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கும், புது ரப்பர் போட்டு ஒழுங்கா பொருத்துனாலே வேற மெஷின் மாதிரி பாடும். ஸ்டீல் ஊசின்னா ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி, கஞ்சத்தனம் வேண்டாம், தேஞ்ச ஊசி சத்தத்தையும் கெடுக்கும் தட்டையும் அறுக்கும். சத்தம் அதிகமா இருந்தா மெல்லிசான ஊசி போடுங்க, இந்த மெஷினுக்கு வால்யூம் நாபே ஊசிதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னாடி முழுசா சாவி கொடுங்க, இல்லன்னா கடைசியில வேகம் குறைஞ்சு சுருதி இறங்கிரும். வீடியோக்காகன்னு எடிசன் டயமண்ட் டிஸ்க்னு வர்ற தட்டை எடுத்து ஸ்டீல் ஊசில ஓட்டிராதீங்க, அதோட பள்ளம் மேலும் கீழுமா ஓடுறது, அதுக்குன்னு இருக்குற வைர முனையில தான் ஓட்டணும்.

பின்சீட்:
நான் பாத்த ஒரு சேனல்ல மைக்கை குழல் உள்ளயே விட்டிருந்தாங்க, ரூம் எதிரொலியே இல்லாம இருந்துச்சு. இன்னொரு வழியும் இருக்கு, அதே தட்டை இப்போதைய டர்ன்டேபிள்ல ஓட்டி கம்ப்யூட்டர்ல நேரா ஏத்தி, அந்த ஆடியோவை வீடியோ மேல போட்டா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப் போகுது?

மைக்பைத்தியம்:
தெரியும் ப்ரோ, இந்த மாதிரி வீடியோ பாக்குறவங்களுக்கு கண்டிப்பா தெரியும். குழல் மெஷினைப் பாக்க வர்றவன் அந்தக் குழல்ல எப்படி கேக்கும்னு தான் வர்றான், டர்ன்டேபிள் ஆடியோ வேணும்னா அதை எங்க வேணா கேட்டுப்பான். போட்டாலும் ஒட்டாது, ஸ்பிரிங் மோட்டார் வேகமும் டர்ன்டேபிள் வேகமும் ஒண்ணா இருக்காது, அரை நிமிஷத்துல விலகிரும். குழல் உள்ள மைக் விட்டா எதிரொலி போகும், உண்மை தான், ஆனா மூக்கடைச்சுக்கிட்டு பாடுற மாதிரி ஆகும், குழல் வாயை விட்டு வெளிய வந்து காத்துல கலந்த அப்புறம் தான் அந்தச் சத்தம் முழுசாகுது.

குழல்விரும்பி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஆட்டோ கெயினை ஆஃப் பண்ணி பக்கவாட்டுல கிட்ட வச்சதும் அந்த அமுங்குறது சுத்தமா போயிருச்சு, ரப்பருக்கு சொல்லியிருக்கேன். இப்ப கீழ ஒரு டுர்ர்ர்னு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கு, நேர்ல கேக்கவே இல்ல. அப்புறம் நான் நடுநடுவுல பேசணும், அதே மைக்ல பேசலாமா?

சாவிகாரன்78:
மைக் ஸ்டாண்டும் மெஷினும் ஒரே மேஜையில இருக்கா? அதான் அந்த டுர்ர். மோட்டார் பல்சக்கர அதிர்வு மரத்து வழியா ஏறுது. ஸ்டாண்டை தரையில வைங்க, மெஷின் அடியில கனமான கம்பளித் துணி போடுங்க. அப்பவும் இருந்தா வேகத்தை ஒரே சீரா வைக்கிற கவர்னருக்கும் மோட்டாருக்கும் எண்ணெய் கிரீஸ் பாக்குற நேரம் வந்துருச்சுன்னு அர்த்தம்.

மைக்பைத்தியம்:
மிச்சம் இருந்தா எடிட்ல 80 - 100 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டிருங்க, குழல்ல அங்க ஒண்ணும் வராது. மேல 7000, 8000 பக்கம் மெதுவா சரிய விடுங்க. இரைச்சல் நீக்குற டூலை லேசா தொட்டு விட்டா போதும், பாட்டு தொடங்குறதுக்கு முன்னாடி ஊசி மட்டும் ஓடுற இடத்தை மாதிரியா கொடுங்க, அழுத்திப் போட்டா குரல் தண்ணிக்குள்ள பேசுற கணக்கா ஆயிரும், எனக்கு அதுக்கு இரைச்சலே மேல். பேச்சுக்கு சட்டையில குத்துற மைக் தனியா, தனி டிராக்கா. பாட்டு ஓடும்போது அந்த டிராக்கை மியூட் பண்ணிருங்க, ரெண்டு மைக்ல ஒரே பாட்டு கலந்தா மறுபடி கிணறு தான்.

சிலிண்டருக்கு ஒரு விஷயம். அதுல முனையும் தகடும் இருக்குற ரீப்ரொட்யூசர் (சவுண்ட்பாக்ஸ் மாதிரி) சிலிண்டர் நெடுக நகரும், அதோட மாட்டுன குழலும் நகரும், ஆரம்பத்துல பாத்து மைக் வச்சா முடியும்போது கோணம் மாறிடும். பாதி ஓடுனப்ப நிறுத்தி குழல் எங்க இருக்குன்னு பாத்து அதுக்கு வைங்க. சின்னக் குழல்னா சத்தமும் கம்மி, இன்னும் கிட்ட போங்க, கெயினை மறுபடி பாத்துக்கோங்க. நிமிஷத்துக்கு 160 சுத்து வருதான்னும் எண்ணிருங்க, சிலிண்டர் விளிம்புல ஒரு சின்ன பேப்பர் துண்டு ஒட்டுனா எண்ண வசதி.