கழன்றதா, பிய்ந்ததா? ஆய்ஸ்டர் யாட்ஸ் மூடப்படும் செய்தியை ஒட்டி

கடலோடி47 (8 பிப்ரவரி 2018, காலை 6.12)

“ஒரு கீல் கழன்று விழுந்தது, 45 ஆண்டுக் கம்பெனி காலியானது” என்று இங்கிலாந்தின் சொகுசுப் பாய்மரப்படகுக் கம்பெனியான ஆய்ஸ்டரைப் பற்றிப் பாய்மரப்பித்தன் நேற்று இம்மன்றத்தின் வேறோர் இழையில் எழுதியிருந்ததையும், அதற்குக் கைதட்டியவர்களின் எண்ணிக்கையையும் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. இனிப் பணம் தருவதற்கில்லை என்று டச்சு உரிமையாளரான எச்டிபி இன்வெஸ்ட்மென்ட்ஸ் கைவிரித்து, கேபிஎம்ஜி என்ற தணிக்கை நிறுவனத்தார் நொடித்த கம்பெனிகளுக்கான நிர்வாகிகளாக உள்ளே நுழைந்து, நார்ஃபோக்கிலும் சவுத்தாம்ப்டனிலும் ஏறத்தாழ 400 பேரின் வேலை அந்தரத்தில் தொங்கும் வேளையில், இப்படி ஒற்றை வரியில் தீர்ப்பு எழுதுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலைப் பாராட்டிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கீல், அதாவது பாய்மரப்படகு கவிழாதிருக்க அதன் அடியில் பொருத்தும் ஈயப் பாரம், கழன்று விழவில்லை. 2015 ஜூலையில் ஸ்பெயின் கரைக்கு அப்பால் மூழ்கிய பொலினா ஸ்டார் 3 என்ற ஆய்ஸ்டர் 825 படகில் கீலைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தன. அவை இறுகப் பிடித்திருந்த அடிப்பகுதியின் கண்ணாடியிழை அடுக்குதான் கீலோடு சேர்ந்து பிய்ந்து போனது. கழன்றது வேறு, பிய்ந்தது வேறு. எழுதுவதற்கு முன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளலாமே.

பாய்மரப்பித்தன் (காலை 8.40)

கடலோடி அண்ணனுக்கு வணக்கம். கழன்றதோ பிய்ந்ததோ, படகுக்கு அடியில் கீல் இல்லை, கடலுக்கு அடியில் படகு இருந்தது. மூழ்கும் படகில் நின்றுகொண்டு வினைச்சொல்லைத் திருத்துவதற்கு அன்று அதில் இருந்தவர்களுக்கு நேரம் கிடைத்திருக்காது. நல்லவேளையாக எல்லோரும் உயிர் தப்பினார்கள். ஆனால் பல லட்சம் பவுண்டு கொடுத்துப் படகு வாங்க நினைத்தவர்கள் அந்தப் படகின் புகைப்படங்களைப் பார்த்தார்கள். என் ஒற்றை வரியில் மாற்ற ஒன்றுமில்லை.

கணக்குப்பிள்ளை (காலை 9.15)

இரண்டு பேரும் தண்ணீருக்கு அடியிலேயே தேடுகிறீர்கள். விடை பேரேட்டில் இருக்கிறது. 2015 டிசம்பரில் இதே இங்கிலாந்தில் ஃபேர்லைன் நிறுவனம் இதேபோல் நிர்வாகிகளின் கைக்குப் போனது. 1963இல் தொடங்கிய நிறுவனம். அது கட்டியவை மோட்டார் படகுகள். கழன்று விழவோ பிய்ந்து போகவோ அவற்றின் அடியில் ஈயக் கீலே கிடையாது. பிறகு எது கழன்றது என்று பாய்மரப்பித்தன் சொல்வாரா?

சொகுசுப் படகுத் தொழிலின் பணச்சுழற்சி விசித்திரமானது. வாங்குபவர் தவணை தவணையாகப் பணம் கட்டுகிறார். அந்தப் பணம் மரமாகவும், கண்ணாடியிழையை இறுக்கும் ரெசினாகவும், கூலியாகவும் மாறி ஓராண்டுக்கும் மேலாகப் பட்டறையில் நிற்கிறது. கட்டி முடிக்க நாளானால், இரண்டாம் படகின் முன்பணத்தில்தான் முதல் படகு கடலில் இறங்கும். இதற்கு நடுவில் உரிமையாளர் பையை மூடினால், ஆர்டர் புத்தகம் எவ்வளவு தடிமனாக இருந்தும் அடுத்த மாதச் சம்பளம் வராது.

தென்றல்வாணி (காலை 10.02)

ஒரு சிறு திருத்தம். நிர்வாகிகள் நியமிக்கப்படுவது வேறு, நிறுவனம் கலைக்கப்படுவது வேறு. முன்னது, வாங்குவதற்கு ஆள் தேடவும் கடன் கொடுத்தவர்களைச் சற்று நிறுத்திவைக்கவும் சட்டம் தரும் அவகாசம். ஆகவே “காலியானது” என்ற சொல்லும் பொருந்தவில்லை. நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளலாமா?

கடலோடி47 (காலை 10.31)

கணக்குப்பிள்ளை பாதி உண்மையைச் சொன்னார், நன்றி. ஆனால் “எது கழன்றது” என்று அவரும் எழுதிவிட்டார். கழலவில்லை ஐயா, பிய்ந்தது.

ஒரு தடவையாவது படகின் அடிவயிற்றில் தவழ்ந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தரைப்பலகையைத் தூக்கிவிட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, தேங்கிய உப்புத்தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் கீல் போல்ட்டின் தலைகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் கீழும் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எஃகுத் தகடு இருக்கும். போல்ட் தளர்ந்திருந்தால் அந்தத் தகட்டின் ஓரத்தில் துரு கண்ணீர்போல வடிந்திருக்கும், பார்த்ததுமே தெரிந்துவிடும். அடுக்குப் பிரிவது அப்படி அல்ல. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் ‘டிக்’ என்று கேட்கும். பிரிந்த இடத்தில் ‘பொத்’ என்று ஓட்டைப் பானையைப் போலக் கேட்கும். நான் ஒருமுறை வேறொரு படகில் நான்கு மணி நேரம் தட்டி, அகலத்தில் ஒரு கைக்குட்டை அளவே இருந்த ‘பொத்’ ஒன்றைக் கண்டுபிடித்தேன். உரிமையாளர் அதுவரை போல்ட்டுகளை மட்டும் ஆண்டுதோறும் முறுக்கிப் பார்த்து நிம்மதியாகத் தூங்கியவர்.

“கழன்றது” என்றால் முறுக்கத் தவறியவன் மேல் பழி. “பிய்ந்தது” என்றால் கட்டிய முறையின் மேல் பழி. இதனால்தான் சொல் முக்கியம் என்கிறேன்.

நங்கூரம் (பகல் 12.20)

கடலோடி அவர்கள் தம் வாயாலேயே தம் வழக்கைத் தோற்கடித்துக்கொண்டதை இவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. போல்ட் பிடித்தது, படகு பிடிக்கவில்லை. பழி கட்டிய முறையின் மேல்தான் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். உட்கட்டமைப்பைக் கட்டிய முறையில் பலவீனம் இருந்திருக்கலாம் என்று அன்று நிறுவனமே அறிக்கை விட்டது. அப்படியானால் பாய்மரப்பித்தன் சொன்னதைவிடக் கடுமையாக அல்லவா நீங்கள் ஆய்ஸ்டரைக் குற்றம் சாட்டுகிறீர்கள்? பிறகு எதற்கு அவரோடு சண்டை?

சென்ற ஆண்டு பாய்மரக் கம்பத்தைப் பற்றிய இழையிலும் இதையேதான் செய்தீர்கள். “முறிந்தது” என்று நான் எழுதினால் “வளைந்து மடிந்தது” என்று நாற்பது பதிவுகள் போட்டீர்கள். கடைசியில் கம்பம் முறிந்த படம் வந்ததும் இழையைப் பூட்டச் சொல்லி மட்டுறுத்துநருக்கு எழுதினீர்கள். மறக்கவில்லை.

கடலோடி47 (பகல் 12.44)

கம்பம் வளைந்து மடிந்துதான் முறிந்தது. அந்தப் படத்தை இப்போதும் எடுத்துப் பாருங்கள்.

நான் ஆய்ஸ்டரைக் குற்றம் சாட்டவில்லை என்று எங்கே சொன்னேன்? அந்தக் கீலால் நிறுவனம் மூடப்படவில்லை என்றுதான் சொன்னேன். 2014 மே மாதம் அட்லான்டிக்கில் சீக்கி ரஃபிக்கி என்ற படகு கீலை இழந்து கவிழ்ந்ததில் நான்கு பேர் இறந்தார்கள். அது பெனட்டோ ஃபர்ஸ்ட் 40.7 வகைப் படகு. பெனட்டோ மூடப்பட்டதா? 1884இல் தொடங்கிய நிறுவனம் இன்றும் படகு விற்கிறது. உயிர் போன இடத்தில் மூடாத கதவு, உயிர் போகாத இடத்தில் மூடியது கீலால்தான் என்றால், தர்க்கத்துக்கும்தான் அடியில் ஏதோ பிய்ந்திருக்க வேண்டும்.

பாய்மரப்பித்தன் (பகல் 1.30)

பெனட்டோவையும் ஆய்ஸ்டரையும் ஒரே தராசில் வைப்பவரிடம் என்ன பேசுவது? அந்தப் படகு அதற்கு முன் தரைதட்டிப் பழுது பார்க்கப்பட்டது. பல ஆண்டுகள் வாடகைக்கு ஓடிய படகு. அந்த நிறுவனமோ ஆண்டுக்கு எத்தனையோ வகைப் படகுகளை வரிசையில் வைத்துக் கட்டித் தள்ளுகிறது. ஆய்ஸ்டர் விற்றது அதை அல்ல. 1973இல் ரிச்சர்ட் மாத்யூஸ் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் விற்ற சரக்கு ஒன்றே ஒன்று: ‘இந்தப் படகில் மனைவி மக்களோடு உலகத்தைச் சுற்றி வரலாம்’ என்ற நம்பிக்கை. தேக்கு மேல்தளமும் உயர்ந்த கூடத்தின் பெரிய கண்ணாடிகளும் அதற்குப் பிறகுதான். பொலினா ஸ்டார் புதுப்படகு, அண்ணே. புதுப்படகின் கீல் கழன்றால் எந்த நம்பிக்கையை விற்பது?

இதோ, 2017 ஜனவரியில் ஆன்டிகுவாவிலிருந்து புறப்பட்ட ஆய்ஸ்டர் படகு உரிமையாளர்களின் உலகச் சுற்று அணி இன்னும் வட்டத்தை முடிக்கவில்லை. தாங்கள் நிற்கும் படகைக் கட்டியவர்களின் பட்டறை பூட்டப்பட்ட செய்தி அவர்களுக்கு நடுவழியில் போய்ச் சேர்ந்திருக்கும்.

கடலோடி47 (பகல் 1.37)

பிய்ந்தால்.

பழஞ்சொல் (மாலை 4.05)

அறிஞர்கள் மன்னிக்க வேண்டும். தமிழில் கீல் என்றால் கதவைத் தாங்குவது. அல்லது மரக்கலத்தின் இடுக்கில் பூசும் தார். கலத்தின் அடிமரத்துக்கு ‘ஏரா’ என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்க, காலையிலிருந்து இத்தனை பேர் “கீல் கழன்றது, கீல் பிய்ந்தது” என்று எழுதுவதைப் படிக்கும்போது, யாருடைய வீட்டுக் கதவோ விழுந்துவிட்டது என்றே தோன்றுகிறது.

கடலோடி47 (மாலை 4.18)

ஏரா என்பது கலத்தின் முதுகெலும்பு. அதன் மேல்தான் விலா மரங்கள் எழும்பும். கண்ணாடியிழைப் படகை அச்சில் வார்த்து எடுத்த பிறகு, அடியில் போல்ட்டால் இணைக்கும் ஈயத் துடுப்புக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஏரா கழலவும் கழலாது, பிய்யவும் பிய்யாது. அது இருந்த காலத்தில் இப்படி ஓர் இழையே எழுந்திருக்காது.

பழஞ்சொல் (மாலை 4.26)

அப்படியானால் ‘ஈயத்துடுப்பு’ என்று எழுதுங்கள். நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை (இரவு 8.50)

கதவுக் கீலையும் பார்த்தாயிற்று. இனியாவது பணத்தைப் பார்ப்போமா? மாத்யூஸ் 2008இல் நிறுவனத்தை விற்றார். உலகச் சந்தை சரிந்த ஆண்டு அது. விற்றவர் கெட்டிக்காரர், வாங்கியவர்களுக்குத்தான் தலைவலி. 2012இல் எச்டிபி கைக்கு வந்தது. அதன் பிறகு இன்னும் பெரிய, இன்னும் நீளமான படகுகள். ஒவ்வொரு புது அளவுக்கும் புது அச்சு, புது வரைபடம். முதல் இரண்டு மூன்று படகுகளில் லாபத்தை எதிர்பார்க்கவே முடியாது. சுமை இப்படி ஏறிக்கொண்டே போன வண்டியில் கடைசியாக விழுந்த மயிலிறகு வேண்டுமானால் அந்தக் கீலாக இருக்கலாம். அச்சு முறிந்தது மயிலிறகால் என்று எழுதுபவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

தவணை கட்டியவர்களின் கதி என்ன என்று ஒருவராவது கேட்டீர்களா? ஒப்பந்தத்தில், கட்டிய பணத்துக்கு ஈடாக அரைகுறை உடற்பகுதியின் உரிமை வாங்குபவருக்கு மாறும் என்ற விதி இருந்து, அந்த உடற்பகுதியில் அவருடைய எண் பொறிக்கப்பட்டிருந்தால் அவர் ஓரளவு தப்பினார். கிடங்கில் இன்னும் பொருத்தப்படாமல் கிடக்கும் இயந்திரத்துக்கும், பாய்க்கயிறு இழுக்கும் விஞ்சுக்கும் அப்படி எண் எழுதியிருக்குமா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். எண் இல்லாவிட்டால் அவர் கடன் கொடுத்தவர்கள் வரிசையின் வாலில் நிற்பார்.

நங்கூரம் (இரவு 9.11)

மயிலிறகு எட்டு டன்னா, பத்து டன்னா என்று கடலோடியைக் கேட்டுச் சொல்லுங்கள்.

கடலோடி47 (இரவு 9.30)

கேலி செய்யுங்கள். முப்பது ஆண்டு ரெசின் வாடையில் நின்று நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட ஒருவன், அன்று காலை பட்டறை வாசலில் தன் உளிப்பெட்டியை எடுக்க அனுமதி கேட்டு நின்றிருப்பான். அவனைப் பார்த்து “நீ கட்டியது கழன்றுவிட்டது” என்று சொல்பவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நங்கூரம் (இரவு 9.34)

“நீ கட்டியது பிய்ந்துவிட்டது” என்றால் அவர் மகிழ்ந்துவிடுவாரா?

தென்றல்வாணி (21 மார்ச் 2018, காலை 7.45)

ரிச்சர்ட் ஹடிடா என்ற பிரித்தானியத் தொழில்முனைவர் நிர்வாகிகளிடமிருந்து ஆய்ஸ்டரை வாங்கியிருக்கிறார். படகு கட்டுவதை மீண்டும் தொடங்கப் போவதாகச் செய்தி. கலைப்பு வேறு என்று அன்றே எழுதியிருந்தேன்.

கணக்குப்பிள்ளை (காலை 8.20)

பணம் வந்தது, பூட்டு திறக்கிறது. இதைத்தானே நான் சொன்னேன்.

பாய்மரப்பித்தன் (காலை 8.55)

வாங்கியவர் முதல் வேலையாகக் கீலைத்தான் பார்ப்பார். மீண்டும் கழன்றால் தெரியும்.

கடலோடி47 (காலை 8.56)

பிய்ந்தால் என்று எழுதுங்கள்.